காலை நேரமும் நமது குறிக்கோளும்



இம்மாதப் பாடம் காலை நேரத்தைப் பற்றியது. காலையில் நேரத்தை ஒழுங்கு செய்துகொள்வது எப்படி, அதில் மிஞ்சும் நேரத்தைக் கொண்டு நமக்கென்று ஒரு குறிக்கோளை வைத்து அதை அடைவது எப்படி என்று பார்ப்போம். ஆனால் பாடத்துக்குப் போகுமுன் நாம் பட்ட ஒரு வெட்கத்தை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

சில வருடங்களுக்கு முன் ஒரு டிவிசனில் மாலைக் கூட்டம் ஒன்று வைத்திருந்தோம். இடம் பிள்ளைக் காம்பரா. மலையிலிருந்து வந்த களைப்போடு முப்பது நாற்பது பேர் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். நாம் புத்தகம் ஒன்றில் படித்துவிட்டுப் போனதை அப்படியே பேசினோம். "அதிகாலையில் எழும்ப வேண்டும். நாலரை மணிக்கு எழும்பிப் பாருங்கள், அந்த நாளே வேறு மாதிரி இருக்கும்" என்று அழுத்திச் சொன்னோம். பின்வரிசையில் பிள்ளையை மடியில் போட்டிருந்த ஒரு அம்மா மெதுவாகக் கேட்டார்:

"ஐயா, நாங்க நாலு மணிக்கே எழும்புறவங்கதானே. நீங்க சொல்றபடி நாலரைக்கு எழும்புனா, அரை மணித்தியாலம் கூடுதலா தூங்கலாம் போல இருக்கே?"

கூட்டமே சிரித்தது. நாமும் சிரித்தோம். ஆனால் திரும்பி வரும் வழியெல்லாம் அந்தக் கேள்விதான் மனதில் நின்றது. ஏழு மணி வரை தூங்குகிறவருக்கு எழுதிய புத்தியை, இருட்டில் அடுப்பு மூட்டுகிறவருக்குச் சொல்லிவிட்டு வந்திருக்கிறோம். தோட்டத்தில் காலையில் எழும்பாதவர் யார்? 1867 ஆம் ஆண்டு லூல்கந்துரையில் தேயிலை பயிரிட்ட காலம் தொட்டு நமது சனங்கள் விடியுமுன் எழும்பித்தான் வந்திருக்கிறார்கள். அந்தக் காலத்தில் கொம்பு ஊதி, தப்பு அடித்துப் பெரட்டுக்குக் கூப்பிட்டார்கள் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். ஆகவே நமக்கு எழும்பத் தெரியாது என்பதல்ல பிரச்சினை. எழும்பிய நேரத்தில் நமக்கென்று ஒரு நிமிடமாவது இருக்கிறதா என்பதே பிரச்சினை. இந்தப் பாடத்தை அந்த அம்மாவிடம்தான் நாம் படித்தோம்.

முதலில் வேலையை எண்ணுங்கள்

அடுத்த கிழமை அவருடைய லயத்துக்கே போனோம். ஒரு கடுதாசியும் பேனாவும் கொண்டு போனோம். ஏழாம் ஆண்டில் படிக்கும் மகளை எழுதச் சொல்லி, காலை நாலு மணியிலிருந்து பெரட்டுக்களத்துக்குப் போகும் வரை அந்த வீட்டில் நடக்கிற வேலைகளை ஒவ்வொன்றாகக் கேட்டோம்.

அடுப்புப் பற்ற வைப்பது, பீலியில் தண்ணி பிடித்து வருவது, மாப் பிசைவது, ரொட்டி சுடுவது, சம்பல் அரைப்பது, எல்லோருக்கும் தேத்தண்ணி ஊற்றுவது, பிள்ளைகளை எழுப்புவது, மகளுக்குத் தலை பின்னுவது, சீருடை தேடுவது, சின்னவனைக் கழுவி உடுத்துவது, சாப்பாடு கட்டுவது, வாசல் கூட்டுவது, தன்னுடைய கூடையையும் படங்கையும் தேடி எடுப்பது, சின்னவனைப் பிள்ளைக் காம்பராவில் கொண்டு போய் விடுவது. மொத்தம் 14 வேலை. பதினாலுக்கும் நேரே அம்மாவின் பேர்தான்.

மகள் பேரில் இரண்டு: பாய் சுருட்டுவது, ஏனம் கழுவுவது. பதின்மூன்று வயது மகன் பேரில் ஒன்றுமில்லை. வீட்டுக்காரர் பேரில் விறகு பிளப்பது மட்டும், அதுவும் ஞாயிற்றுக்கிழமையில். கடுதாசியை வாசித்துக் காட்டியபோது வீட்டுக்காரர் இஸ்தோப்பில் உட்கார்ந்து பீடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாம் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லவும் தேவைப்படவில்லை, ஏனென்றால் எழுதியது அவருடைய மகளின் கையெழுத்து.

இந்த எண்ணிக்கையை ஒவ்வொரு வீட்டிலும் செய்ய வேண்டும் என்பது நமது வேண்டுகோள். மனதில் நினைத்துக்கொண்டால் போதாது, எழுத வேண்டும். எழுதும்போதுதான் தெரிகிறது. எழுதத் தெரியாதவர்கள் பிள்ளையைக் கொண்டு எழுதுவிக்கலாம், அது இன்னும் நல்லது.

காலை வேலை முதல் நாள் இரவில் தொடங்குகிறது

பிறகு அந்த 14 வேலைகளையும் பிரித்தோம். தண்ணி பிடிப்பது, சீருடை எடுத்து வைப்பது, கூடையும் படங்கும் கதவோரம் வைப்பது ஆகிய மூன்றும் இரவுக்குப் போயின. சீருடை தேடுவது சின்ன வேலை மாதிரித் தெரியும். ஆனால் காலை இருட்டில் ஒரு காலுறையைத் தேடிப் பத்து நிமிடம் போகாத வீடு எந்த லயத்தில் இருக்கிறது? அடுப்புப் பற்ற வைப்பது, தேத்தண்ணி ஊற்றுவது, சின்னவனைப் பிள்ளைக் காம்பராவில் விடுவது ஆகிய மூன்றும் வீட்டுக்காரருக்கு. வாசல் கூட்டுவது மகனுக்கு. அம்மாவுக்கு மிஞ்சியது ஏழு.

சொல்வது சுலபம். வீட்டுக்காரர் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. "அடுப்பு மூட்டுறது பரவால்லைங்க ஐயா, அது வீட்டுக்குள்ள. புள்ளைய தூக்கிக்கிட்டு பொம்பளைங்களோட வரிசையில போனா லயத்துல என்னைய சிரிப்பாங்க" என்றார். அவர் சொன்னதும் பொய்யல்ல, முதல் நாள் சிரிக்கத்தான் செய்தார்கள். தொங்கல் காம்பராவில் இருக்கும் கிழவி ஒருவர் கேலி பண்ணியதை அவரே பிறகு நம்மிடம் சொல்லிச் சிரித்தார். இரண்டு கிழமை போனபின் பக்கத்து வீட்டு ஆளும் தன் பிள்ளையை இவர் கையிலேயே பிடித்துக்கொடுத்து அனுப்பத் தொடங்கினார். அதோடு சிரிப்பு நின்றது.

இதில் ஒரு விடயத்தைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். மலையில் கொழுந்து எடுப்பது பெரும்பாலும் பெண்கள். பெரட்டுக்குப் பிந்தினால் பேர் போகும், கிலோ குறைந்தால் வருமானம் குறையும். அந்தச் சம்பளத்தில்தான் வீடு நடக்கிறது. சம்பாதிக்கிறவர் மூச்சுவாங்க ஓடிப் பெரட்டில் நிற்பதும், மற்றவர்கள் சுடு தேத்தண்ணிக்குக் காத்திருப்பதும் முறையல்ல. ஆண்கள் இதைப் படித்துக் கோபப்பட்டாலும் பரவாயில்லை.

உட்கார்ந்து ஒரு தேத்தண்ணி

இப்படிப் பிரித்ததில் அந்த அம்மாவுக்குக் காலையில் இருபது நிமிடம் கிடைத்தது. அந்த இருபது நிமிடத்தில் என்ன செய்யலாம் என்று நாம் பெரிய பட்டியல் வைத்திருந்தோம். வீட்டுத் தோட்டம், சேமிப்பு, உடற்பயிற்சி! (மலை ஏறி இறங்குகிறவருக்கு உடற்பயிற்சி சொன்ன புத்தியை என்னவென்பது.) "உங்கள் குறிக்கோள் என்ன அம்மா?" என்று கேட்டோம். அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுச் சொன்னார்:

"மொதல்ல ஒக்காந்து ஒரு தேத்தண்ணி குடிக்கணும் ஐயா. கல்யாணம் முடிச்சு பதினஞ்சு வருசமா நின்னுக்கிட்டேதான் குடிக்கிறேன்."

நாடெல்லாம், உலகமெல்லாம் குடிக்கிற தேயிலையைப் பறித்துக்கொடுக்கிறவர் சொன்ன வார்த்தை இது. மகள் அதைத்தான் கடுதாசியில் முதலாவதாக எழுதினாள். குறிக்கோள் என்றால் பெரிதாக இருக்க வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை. உடம்புக்கும் மனதுக்கும் ஓய்வு கொடுக்கும் பத்து நிமிடமும் குறிக்கோள்தான்.

தேத்தண்ணி என்றதும் சுகாதார விடயம் ஒன்றையும் இங்கேயே சொல்லிவிடுவோம். சாப்பாட்டோடு சேர்த்துச் சாயத் தேத்தண்ணி குடித்தால் சாப்பாட்டில் உள்ள இரும்புச் சத்து உடம்பில் சரியாகச் சேராது. நமது பெண்களில் இரத்தக் குறைவு உள்ளவர்கள் பலர். கிளினிக்கில் கொடுக்கும் இரும்புச் சத்துக் குளிசையைத் தேத்தண்ணியோடு விழுங்கிவிட்டு, "குளிசை வேலை செய்யவில்லை" என்று சொல்கிறவர்களைக் கண்டிருக்கிறோம். தண்ணியோடு குடியுங்கள். ஒரு கொய்யாப்பழமோ தேசிக்காய்ச் சாறோ சேர்ந்தால் சத்து நன்றாகச் சேரும். எழும்பியவுடன் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, ஒரு மணித்தியாலம் போனபின் ரொட்டியைச் சாப்பிடுவது நல்ல பழக்கம். வெறும் வயிற்றோடு மலைக்குப் போய், பத்து மணிக்கு மேல் கட்டிக் கொண்டுபோனதைப் பிரிப்பது கூடவே கூடாது. பிள்ளைகளுக்கும் அப்படியே. காலைக் கூட்டத்தில் மயங்கி விழும் பிள்ளையை ஆசிரியர்கள் கேட்டால், முக்கால்வாசி "காலையில சாப்பிடல சேர்" என்றுதான் பதில் வரும்.

கையெழுத்து

ஒரு மாதம் போனபின் அதே அம்மா இரண்டாவது குறிக்கோளைச் சொன்னார். அவர் இரண்டாம் ஆண்டோடு பள்ளிக்கூடத்தை விட்டவர். தம்பியைப் பார்த்துக்கொள்ள வீட்டில் நிறுத்திவிட்டார்களாம். சம்பளத்துக்குப் பெருவிரல் அடையாளம்தான் வைப்பார். "அந்த மையைத் துடைக்கிற நேரம் ஒரு மாதிரி இருக்குங்க ஐயா" என்றார். கையெழுத்துப் போட வேண்டும், தன் கொழுந்துத் துண்டில் எத்தனை கிலோ எழுதியிருக்கிறது என்று தானே பார்க்க வேண்டும். இதுதான் இரண்டாவது குறிக்கோள்.

ஆசிரியர் அவருடைய மகள்தான். பாட நேரம் காலை ஐந்து பத்திலிருந்து ஐந்தரை வரை. ரொட்டிக் கல் காயும்போது அடுப்பங்கரையில் பழைய கொப்பியில் எழுதினார்கள். இலக்கம் ஒரு கிழமையில் வந்துவிட்டது. காசு எண்ணத் தெரிந்தவருக்கு இலக்கம் பெரிய வேலையல்ல. பெயர் எழுதத்தான் ஒரு மாதத்துக்கு மேல் போனது. கொழுந்து கிள்ளித் தடித்த விரலுக்குப் பென்சில் பிடிபடவில்லை. மகளுக்குக் கோபம் வரும், அம்மாவுக்கு வெட்கம் வரும், இரண்டு நாள் பாடம் நிற்கும். பிறகு தொடங்குவார்கள்.

நாலாவது மாதம் அவர் சம்பளத்துக்குக் கையெழுத்துப் போட்டார். அதோடு முடிந்திருந்தால் இதை ஒரு சந்தோசச் செய்தியாக மட்டும் எழுதியிருப்போம். சம்பளத் துண்டை வீட்டுக்குக் கொண்டுவந்து, எழுத்துக் கூட்டித் தன் பெயரைத் தேடியிருக்கிறார். அதில் இருந்தது அவருடைய பெயரல்ல. வீட்டில் செல்லமாகக் கூப்பிடும் பெயரை யாரோ எப்போதோ செக்ரோலில் பதிந்துவிட்டார்கள். அடையாள அட்டையிலும் பிறப்புச் சான்றிதழிலும் வேறு பெயர். 16 வருடங்களாகச் சேமலாப நிதிக்குப் பிடித்த காசும் அந்தச் செல்லப் பெயரிலேயே போயிருக்கிறது.

இது சின்ன விடயமல்ல. ஊழியர் சேமலாப நிதிக்கு நமது சம்பளத்தில் 8 வீதம் பிடிக்கப்படுகிறது, தொழில் கொடுப்பவர் 12 வீதம் போடுகிறார். 20,000 ரூபா சம்பளம் என்றால் நமது பக்கம் 1,600, அவர்கள் பக்கம் 2,400, ஆக மாதம் 4,000 ரூபா. வேலையை விட்டு நிற்கும் வயதில் அந்தக் காசைக் கேட்டுப் போகும்போது, "இந்தப் பெயர் நீங்கள்தான் என்பதற்கு என்ன அத்தாட்சி?" என்று கேட்பார்கள். வயதான காலத்தில், கூட வேலை செய்தவர்களெல்லாம் போன பிறகு, அத்தாட்சிக்கு யாரைத் தேடுவது? அந்த அம்மாவின் பெயரைத் திருத்தப் பல மாதம் பிடித்தது. தோட்டக் காரியாலயம், கிராம உத்தியோகத்தர், தொழிற் திணைக்களம் என்று நாமும் கூடவே அலைந்தோம். வேலை செய்கிற காலத்திலேயே தெரிந்ததால் முடிந்தது.

நீங்கள் குறிக்கோள் வைக்கும்போது

ஒரு நேரத்தில் ஒன்று போதும். வருடப் பிறப்பன்று ஏழெட்டை எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டு, மாசி மாதத்தில் அதன் மேல் கலண்டரைத் தொங்கவிடும் வீடுகளை நாம் பார்த்திருக்கிறோம். நமது வீட்டிலும் அப்படி ஒன்று இருந்தது.

குறிக்கோளில் ஒரு கணக்கும் ஒரு திகதியும் இருக்க வேண்டும். "காசு சேர்க்கணும்" என்பது ஆசை. "அடகில் இருக்கும் தோட்டை தீபாவளிக்கு முன் மீட்க வேண்டும், அதற்கு 18,000 ரூபா வேண்டும், இன்னும் ஒன்பது சம்பளம் இருக்கிறது, சம்பளத்துக்கு 2,000 ஒதுக்க வேண்டும், வட்டி அதற்கு மேல்" என்பது குறிக்கோள். கணக்குப் போட்டுப் பார்த்து முடியாது என்று தெரிந்தால் திகதியைத் தள்ளுங்கள். இன்னொரு கடன் வாங்கி அடைக்க வேண்டாம்.

பெரிய குறிக்கோளை வைக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. மகளை ஆசிரியை ஆக்க வேண்டும் என்று நினைக்கிறீர்களா, நல்லது. அது நடக்கப் பத்துப் பதினைந்து வருடமாகும். அதில் நாளைக் காலைக்கு உரிய பங்கு எது என்று கேளுங்கள். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில், ஒரு பக்கம் டீவி, மறுபக்கம் பக்கத்து வீட்டுச் சத்தம், பிள்ளை இரவில் எங்கே படிப்பது? லயத்தில் அமைதியான நேரம் விடியற்காலை ஒன்றுதான். சாதாரண தரம், உயர்தரம் எழுதும் பிள்ளைக்கு அந்த ஒரு மணித்தியாலத்தை விட்டுக்கொடுங்கள். அந்த நேரம் தண்ணிக்கு அனுப்பாதீர்கள், கடைக்கு அனுப்பாதீர்கள். முதல் நாள் இரவு நேரத்தோடு படுக்க விட வேண்டும் என்பதும் இதில் சேரும். தூங்காத பிள்ளையை எழுப்பி உட்கார வைத்தால் புத்தகத்தின் மேல்தான் விழும்.

ஆண்களில் ஒருவர் வைத்த குறிக்கோள் நமக்குப் பிடித்தது. "சம்பள நாளில் நேரே வீட்டுக்கு வருவது." மாதத்தில் ஒரே ஒரு நாள்தான். ஆறு மாதத்தில் நாலு தரம் வென்றார், இரண்டு தரம் தோற்றார். அவருடைய சம்சாரம் தோற்ற இரண்டையும் பேசாமல், வென்ற நாலையும் கலண்டரில் வட்டம் போட்டு வைத்திருந்தார். புத்திசாலிப் பெண்.

ஒழுங்கு குழம்பும் என்பதையும் முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். அடை மழைக் காலத்தில் விறகு ஈரம், அடுப்பு எரியாது, எல்லாம் அரை மணித்தியாலம் பிந்தும். பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் அந்தக் கிழமையே போச்சு. நாம் மேலே சொன்ன வீட்டிலும், தீபாவளிக்கு உறவுக்காரர் வந்து நின்ற பத்து நாளும் பழையபடி பதினாலு வேலையும் அம்மாவின் தலையில்தான். வீட்டுக்காரர் விருந்தாளிகளுக்கு முன் அடுப்பு மூட்டக் கூச்சப்பட்டார். உறவுக்காரர் போன மறுநாள் மகள் அந்தக் கடுதாசியை எடுத்து அடுப்புக்கு மேல் திரும்ப ஒட்டியிருக்கிறாள். நாம் போனபோது புகை பட்டு மஞ்சளாகி இருந்தது.

கடைசியாக ஒரு வேலை. இன்று இரவு உங்கள் சம்பளத் துண்டையும் அடையாள அட்டையையும் பிறப்புச் சான்றிதழையும் ஒன்றாக வைத்து, மூன்றிலும் உள்ள பெயரைப் பிள்ளையைக் கொண்டு சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். ஒரு எழுத்து மாறியிருந்தாலும் மூன்றையும் எடுத்துக்கொண்டு உங்கள் தோட்ட நலன்புரி உத்தியோகத்தரிடம் வாருங்கள். பிறப்புச் சான்றிதழ் இல்லாதவர்களும் அதை ஒரு சாட்டாக வைத்து நிற்காமல் வாருங்கள், அதற்கும் வழி இருக்கிறது. 15 வயது நிறைந்த பிள்ளைக்கு இன்னும் அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்காதவர்கள் அந்தப் பிள்ளையையும் கூட்டி வாருங்கள். பெரட்டுக்கு முன் வர வேண்டாம், அந்த நேரம் உங்களுடையது. கொழுந்து நிறுத்து முடிந்து வீட்டுக்குப் போகிற வழியில் வந்தால் போதும்.